டிரான்ஸ்வாலுக்கு வந்த சிறு கடிதம்

செம்பவாங்கில் பழைய கடற்படைத் தளம் இருந்த பகுதியில் நடந்து செல்பவர், தெருப்பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் போதும். பிரிட்டிஷ் பேரரசின் நிலப்படத்தை ஒருமுறை சுற்றி வந்துவிடலாம். கான்பரா, வெலிங்டன், மான்ட்ரியல், ஆக்லாந்து, டில்லி என்று அப்பேரரசின் ஊர்கள் பல அங்கே சாலைகளாகக் கிடக்கின்றன. அவற்றுள் டர்பன் சாலையும் ஒன்று. 1923-இல் திட்டமிடப்பெற்று 1938 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்ட அத்தளத்தில் கூலிகளாகவும் எழுத்தர்களாகவும் கைவினைஞர்களாகவும் உழைத்த தமிழர் பலர். தங்கள் இனத்தார் தங்களுக்கு வெகு முன்பே கப்பலேறிச் சென்ற துறைமுகத்தின் பெயர் அது என்பதை அவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்! 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'டுரூரோ' என்னும் கப்பலில் சென்ற முதல் ஒப்பந்தத் தொழிலாளர் இறங்கிய இடம் டர்பன். கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் காலம் முடிந்தபின் அவர்களுள் சிலர் வடக்கே டிரான்ஸ்வாலுக்குச் சென்று, தெருவில் கூடை சுமந்து காய்கனி விற்றும் சிறுதொழில் செய்தும் வாழ்ந்தனர்.

அந்த டிரான்ஸ்வால் தமிழரை நோக்கி, அவர்கள் அறியாத மொழியில், அவர்கள் காணாத நாட்டிலிருந்து, 1909-ஆம் ஆண்டில் ஒரு சிறு வாழ்த்துச் செய்தி புறப்பட்டது. எழுதியவர் டால்ஸ்டாய். எழுதிய மொழி ரஷ்யன். போய்ச் சேர்ந்த மொழி ஆங்கிலம். சேர வேண்டியவர்களுள் பெரும்பகுதியினர் தமிழ் பேசியவர்கள். மொழிபெயர்ப்பின் வரலாற்றை ஆராயும் தமிழாசிரியர்கள் பெருங்காப்பியங்களையும் நாவல்களையும் எடுத்துக்கொள்வதே வழக்கம். ஒரு பக்கத்துக்கும் குறைவான இக்கடிதம் அவற்றுக்கு இளைத்ததன்று.

1909 ஜூலையில் காந்தியடிகள் தூதுவராக லண்டனுக்குச் சென்றார். டிரான்ஸ்வால் அரசு ஆசியர்மீது சுமத்திய கட்டாயப் பதிவுச் சட்டத்தை நீக்கக் கோருவதே அப்பயணத்தின் நோக்கம். அங்கே நண்பர் ஒருவர் வழியாக அவர் கைக்கு ஒரு தட்டச்சுப் படி கிடைத்தது. வட அமெரிக்காவில் இருந்து 'சுதந்திர இந்துஸ்தானம்' என்னும் இதழை நடத்திவந்த தாரக்நாத் தாஸ் என்ற வங்க இளைஞர், இந்திய விடுதலைக்கு ஆதரவு வேண்டி டால்ஸ்டாய்க்கு எழுதியிருந்தார். அதற்கு டால்ஸ்டாய் பல மாதங்கள் முயன்று, 1908 டிசம்பரில் முடித்து அனுப்பிய நீண்ட மறுமொழியின் ஆங்கில வடிவமே அப்படி. 'இந்து ஒருவருக்குக் கடிதம்' என்று அது பின்னாளில் பெயர்பெற்றது. வன்முறையால் வன்முறையை வெல்ல முடியாது என்பது அதன் சாரம்.

காந்தியடிகள் 1909 அக்டோபர் 1-ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் பேலஸ் ஹோட்டலில் இருந்து டால்ஸ்டாய்க்கு முதல் கடிதத்தை எழுதினார். டிரான்ஸ்வாலில் இருந்த இந்தியர் சுமார் 13,000 பேர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 2,500 பேர் சட்டத்துக்குப் பணிய மறுத்துச் சிறை சென்றனர் என்றும் அதில் குறிப்பிட்டார். பின்னர்ச் சில கேள்விகளை அடுக்கினார். கைக்குக் கிடைத்த கடிதம் உண்மையில் டால்ஸ்டாய் எழுதியதுதானா? மொழிபெயர்ப்புச் சரியானதா? அதில் மேற்கோளாக வரும் கண்ணன் மொழிகள் எந்த நூலைச் சேர்ந்தவை? 20,000 படிகள் அச்சிட்டு வழங்கவும், இந்திய மொழியில் பெயர்க்கவும் இசைவு உண்டா? மறுபிறப்பை மறுக்கும் சொல்லை மட்டும் நீக்கிக்கொள்ளலாமா? சத்தியாக்கிரக நெறியைப் பற்றிப் பரிசு அறிவித்துக் கட்டுரைப் போட்டி நடத்துவது தகுமா?

இக்கேள்விகளின் வரிசையைப் பார்க்கும் ஆசிரியர் ஒன்றைக் கவனிக்கலாம். மூலத்தின் மெய்ம்மை, பெயர்ப்பின் துல்லியம், மேற்கோளின் மூலநூல், ஆசிரியரின் இசைவு, சொல்லை விடுவதற்கான உரிமை என ஒரு நல்ல பதிப்பாசிரியர் கேட்க வேண்டியவற்றுள் ஒன்றும் விடுபடவில்லை. நாற்பது வயதான ஒரு வழக்கறிஞர், போராட்டத்தின் நடுவே, ஹோட்டல் அறையில் இருந்துகொண்டு இவற்றைக் கேட்டிருக்கிறார். கைக்குக் கிடைத்த படியை அப்படியே அச்சுக்கு அனுப்பும் அவசரம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அவர் அதற்கு ஆட்படவில்லை.

கடிதம் யாஸ்னயா பொல்யானாவை அடைந்தது. டிரான்ஸ்வாலைச் சேர்ந்த ஓர் இந்துவிடமிருந்து இனிய கடிதம் வந்ததாக டால்ஸ்டாய் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 81. மறுமொழியை உடனே ரஷ்ய மொழியில் எழுதினார். ரஷ்யாவில் அன்று வழங்கிய பழைய நாட்காட்டிப்படி அது செப்டம்பர் 24. ஏனைய உலகத்துக்கு அக்டோபர் 7. அவருடைய மகள் தாத்தியானா அதை ஆங்கிலத்தில் பெயர்க்க, அவ்வடிவம் லண்டனுக்கு அனுப்பப்பட்டது.

டால்ஸ்டாய்க்கு ஆங்கிலம் தெரியும், நன்றாகவே படிப்பார். ஆயினும் மனம் மகிழ்ந்து விரைந்து எழுதும் மறுமொழிக்குத் தாய்மொழியையே நாடினார். கேள்விகளுக்கெல்லாம் ஓரிரு வாக்கியங்களில் விடை. முகமன் இல்லை, அலங்காரம் இல்லை. முதல் வாக்கியம், கடிதம் இப்போதுதான் கிடைத்தது, மிக மகிழ்ந்தேன் என்னும் கருத்துடையது. பேச்சுநடைக்கு அருகில் நிற்கும் இத்தகைய எழுத்தையே எவரும் எளிதில் பெயர்த்துவிடலாம் என்று கருதுகிறோம். அகராதியைப் புரட்ட வேண்டிய கடுஞ்சொல் ஒன்றும் அதில் இல்லை என்பது உண்மை. இடர் அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாம் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். டிரான்ஸ்வாலில் உள்ள நம் அன்புச் சகோதரர்க்கும் உடனுழைப்போர்க்கும் கடவுள் உதவுக என்பது அதன் பொருள். அதன் தொடக்கத்தில் உள்ள ரஷ்யச் சொற்கள் 'பமகாய் போக்' என்பன. இது டால்ஸ்டாய் புதிதாகப் படைத்த தொடரன்று. ரஷ்ய நாட்டுப்புறத்தில் வயலில் அறுவடை செய்பவனையோ மரம் பிளப்பவனையோ கடந்து செல்பவன், நின்று சொல்லிப் போகும் வாழ்த்து இது. உழைப்பவனைப் பார்த்து மட்டுமே சொல்வது. சும்மா இருப்பவனிடம் சொன்னால் கேலியாகிவிடும். தமிழ்நாட்டுக் களத்துமேட்டில் நெல் அளக்கும்போது 'பொலி, பொலி' என்று சொல்வதில்லையா? சொல் வேறு, பொருள் வேறு. ஆனால் அது வாழும் சூழல் அதுவே.

ஆங்கிலத்துக்கு வந்ததும் இத்தொடர் ஒரு பொதுவான இறைவேண்டலாகிவிட்டது. அதிலும் ஒரு சிக்கல். ஆங்கிலப் பதிப்புகளில் இது இருவகையாக அச்சாகியிருக்கிறது. ஒன்றில் கடவுள் உதவுக என்ற பொருள். மற்றொன்றில் வினைச்சொல்லின் இறுதியில் 'எஸ்' என்னும் ஓரெழுத்துக் கூடி, கடவுள் உதவுகிறார் என்றாகிவிடுகிறது. வேண்டுதல் அறிவிப்பாக மாறிவிட்டது. சிறையில் கல்லுடைத்துக்கொண்டிருக்கும் ஒருவனிடம் கடவுள் உனக்கு உதவட்டும் என்பதும், கடவுள் உனக்கு உதவிக்கொண்டிருக்கிறார் என்பதும் ஒன்றாகா.

இங்கே இலக்கணம் கற்பிப்போர்க்குச் சுவையான செய்தி ஒன்றுண்டு. ரஷ்ய மொழியில் 'பமகாய்' என்பது வடிவத்தால் ஏவல் வினை; 'உதவு' என்பது போன்றது. ஆனால் கடவுளை ஏவும் துணிச்சல் அதில் இல்லை. வடிவம் ஏவலாக இருந்தும் வாழ்த்தும் வேண்டுதலுமாகவே அது பொருள்படுகிறது. நம் இலக்கணத்தார் இதற்கென்றே வியங்கோள் என ஒரு வினையைத் தனியே வகுத்தனர். உதவுக, காக்க, வாழ்க என்று எழுதினால் ஐயத்துக்கு இடமே இல்லை. ஓரெழுத்து மிகுந்தால் பொருள் புரண்டுவிடும் இடர் தமிழில் நேராது.

இன்னொரு வகையிலும் தமிழ் இத்தொடருக்கு நெருக்கமானது. தமிழர் கடிதம் எழுதத் தொடங்கும்போது தாளின் தலைப்பில் 'கடவுள் துணை' என்றோ 'முருகன் துணை' என்றோ எழுதுவது நெடுநாளைய மரபு. செம்பவாங்கில் கடற்படைத் தளத்தை அடுத்துக் கான்பரா சாலைப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் முருகனை வைத்து வழிபட்ட தொழிலாளர்களை இங்கு நினைக்கலாம். 1960-களில் அங்கே தோன்றிய வழிபாடு பின்னர் யீஷூனில் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமாக வளர்ந்தது. அத்தகைய மக்கள் ஊருக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரி 'முருகன் துணை' என்றிருந்தால், அதை இலக்கியமாக எவரும் கருதார். அது கைப்பழக்கம். ஆயினும் அச்சொல் இல்லாமல் தொடங்கிய கடிதம் அவர்களுக்குக் கடிதமாகத் தோன்றாது. டால்ஸ்டாயின் 'பமகாய் போக்' இந்த இனத்தைச் சேர்ந்தது. எளிய மனிதரின் வாய்ச்சொல்லை எடுத்து, சிறையில் கிடந்த எளிய மனிதருக்கு அவர் அனுப்பினார்.

அடுத்து வரும் 'உடனுழைப்போர்' என்ற சொல்லும் வெறும் மரியாதைச் சொல்லன்று. ரஷ்யச் சொல்லைப் பிரித்தால் 'உடன்' என்னும் முன்னொட்டும் 'உழைப்பு' என்னும் பகுதியும் தனித்தனியே தெரியும். முன்னே உழைப்பவர்க்குரிய வாழ்த்து, பின்னே உழைப்பைத் தன்னுள் கொண்ட பெயர். இரண்டும் சேர்ந்து ஒரே காட்சியைக் காட்டுகின்றன: ஒரே வயலின் இரு கோடிகளில் வேலை செய்வோர் ஒருவரையொருவர் நோக்கிக் குரல் கொடுப்பது போன்ற காட்சி. ஆங்கிலத்திலும் இதற்கு நேரான சொல் உண்டு. ஆனால் முன்னுள்ள வாழ்த்தின் மண்வாசனை போய்விட்டபடியால், இச்சொல் அலுவலகத்துச் சொல்லாக வற்றிவிட்டது.

அதன்பின், தம் நாட்டிலும் மென்மைக்கும் வன்மைக்கும் இதே போராட்டம் நடப்பதாகவும், படையில் சேர மறுக்கும் இளைஞரிடம் அது கூர்மையாக வெளிப்படுவதாகவும் டால்ஸ்டாய் எழுதுகிறார். ரஷ்யத்தில் மெல்லியது, வல்லியது என்றே சொற்கள் உள்ளன; சீன ஞானி லாவோட்சுவை ஈடுபாட்டுடன் படித்தவரின் சொல்லாட்சி அது. ஆங்கிலத்தில் இது கனிவுக்கும் கொடுமைக்குமான போர் என்றாயிற்று. நீதி நூலுக்கு இது பொருந்தும். ஆனால் மெல்லியது வல்லியதை வெல்லும் என்ற பழைய புதிர் அதில் மறைந்துபோயிற்று. எழுத்துகளையே வல்லினம் மெல்லினம் என்று வகுத்துக்கொண்ட தமிழர்க்கு இந்த இணையைப் பெயர்க்கத் தயக்கம் வேண்டியதில்லை.

மறுபிறப்பைப் பற்றிய விடைதான் இக்கடிதத்தில் பேச்சுநடைக்கு மிக அருகில் நிற்பது. அச்சொல்லை நீக்கத் தமக்கு விருப்பமில்லை என்று சொல்லி, மறுபிறப்பு நம்பிக்கை ஆன்மாவின் அழியாமையிலும் கடவுளின் நீதியிலும் அன்பிலும் வைக்கும் நம்பிக்கையளவு உறுதியாயிருக்க முடியாது என்று காரணமும் கூறுகிறார். கூறிவிட்டு, மூன்றே சொற்களில், சரி, உங்கள் விருப்பம் போலச் செய்யுங்கள் என்று விட்டுக்கொடுத்துவிடுகிறார். கையை அசைத்துச் சிரித்தபடி சொல்வது போன்ற தொனி அதில் உண்டு. ஆங்கில வடிவத்தில், நீக்குவதைப் பொறுத்தவரையில் தாங்கள் விரும்பியவாறு செய்யலாம் என்று அது இசைவாணை போல விறைத்து நிற்கிறது. மகளின் மொழிபெயர்ப்பில் பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பெரியவரின் கடிதத்தைக் கடல்கடந்த அயலாருக்கு அனுப்பும்போது சற்று நிமிர்ந்து உட்காரும் இயல்பு எல்லாருக்கும் உண்டு. மொழிபெயர்ப்பாளர்க்கு அது இருமடங்கு.

ஆங்கிலத்துக்கு இதில் இயல்பான ஒரு குறையும் இருக்கிறது. ரஷ்யர் நம்மைப் போலவே முன்னிலையில் நீ, நீங்கள் என இரண்டு வைத்திருக்கின்றனர். டால்ஸ்டாய் காந்தியடிகளை நீங்கள் என்றே விளிக்கிறார். தம்மினும் நாற்பதாண்டு இளையவரை, முன்பின் அறியாதவரை, ஓர் ஒப்பானவராக அவர் நடத்துவது அந்த ஒரு சொல்லில் தெரிகிறது. ஆங்கிலத்தில் எல்லாரும் ஒரே சொல்தான். கடிதத்தின் இறுதியில் சகோதர வாழ்த்துக் கூறி, உங்களோடு தொடர்பு கிடைத்ததில் மகிழ்கிறேன் என்று முடிக்கிறார். அத்தொடர்பைக் குறிக்க அன்றைய ஆங்கில வடிவத்தில் இட்ட சொல், இன்று வகுப்பில் மாணவர்க்கு விளக்க ஆசிரியர் தயங்கும் வேறொரு பொருளை ஏற்றுவிட்டது. பெயர்ப்பு மொழியும் ஓரிடத்தில் நில்லாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி, அந்த வாழ்த்து யாருக்கு உரியதோ அவர்களிடம் வருவோம்.

டிரான்ஸ்வால் போராட்டத்தில் குஜராத்தி வணிகரும் முஸ்லிம் பெருமக்களும் பார்சிகளும் பங்கேற்றனர். ஆனால் காலம் நீள நீள, சிறைக்கு மீண்டும் மீண்டும் சென்றவர்கள் தமிழரே என்பதைக் காந்தியடிகள் பலமுறை எழுதியிருக்கிறார். மொரீசியசில் பிறந்த தம்பி நாயுடு அவர்களின் தலைவர்களுள் ஒருவர். சாமி நாகப்பன் என்ற பதினெட்டு வயது இளைஞன் 1909 ஜூனில் சிறை சென்றான். கடுங்குளிர்காலத்தில் சாலைவேலை முகாமில் வைக்கப்பட்டான். மாத இறுதியில் விடுதலையானபோது நுரையீரல் அழற்சி முற்றியிருந்தது. ஜூலை 6-ஆம் நாள் இறந்தான். காந்தியடிகள் லண்டன் சென்றடைந்தது அதற்குச் சில நாள் கழித்து. டால்ஸ்டாய் 'நம் அன்புச் சகோதரர்' என்று எழுதியது அதற்கு மூன்று மாதம் கழித்து. அவர் நாகப்பனை அறியார். ஆனால் அச்சொல் சுட்டிய கூட்டத்தில் நாகப்பனின் தோழர்களே நிறைந்திருந்தனர்.

அவர்கள் அதைத் தமிழில் படிக்க வழியிருந்ததா? காந்தியடிகளின் இதழான 'இந்தியன் ஒப்பீனியன்' 1903 ஜூனில் தொடங்கியபோது ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் வந்தது. தகுதியான ஆசிரியரும் அச்சுக் கோப்போரும் கிடைக்காமையால் 1906-இன் தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் நிறுத்தப்பட்டன. ஆகவே 1909-இல் டால்ஸ்டாயின் நீண்ட கடிதத்தை இந்திய மொழியில் பெயர்க்கும் வேலை நடந்தபோது, அது குஜராத்தியில் நடந்தது. காந்தியடிகளே நவம்பரில் 'கில்டோனன் காசில்' கப்பலில் தென்னாப்பிரிக்கா திரும்பும்போது அதைச் செய்தார். அதே பயணத்தில்தான் 'இந்திய சுயராஜ்யம்' நூலையும் எழுதினார். டால்ஸ்டாய் தம் மறுமொழியில் 'இந்துக்களின் மொழி' என்று ஒருமையில் குறிப்பிட்டிருந்தார். இந்தியாவுக்கு ஒரே மொழி என்று தொலைவில் உள்ளோர் எண்ணுவது இயல்பு. அந்த ஒருமைக்குள் தமிழ் இல்லை. முன்வரிசையில் நின்று அடிபட்டவர்களின் மொழிக்கு அன்று அச்சில் இடமில்லாமற் போனது வருந்தத்தக்கது. கூட்டங்களில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டதே அவர்களுக்குக் கிடைத்த செய்தி.

இதில் முரண் ஒன்றுண்டு. குஜராத்திக்குப் போன அந்த நீண்ட கடிதத்தினுள்ளே தமிழ் இருந்தது.

'இந்து ஒருவருக்குக் கடிதம்' என்னும் அந்நூலின் ஒவ்வொரு பகுதிக்கும் முகப்பில் மேற்கோள்கள் உள்ளன. அவற்றுள் ஓரிடத்தில் 'இந்துக் குறள்' என்று பெயர் குறித்து ஆறு மொழிகளை டால்ஸ்டாய் தந்திருக்கிறார். படித்த அளவில் தமிழாசிரியர் எவரும் அவற்றை இனங்கண்டுகொள்வர். ஆறும் 'இன்னா செய்யாமை' அதிகாரத்தின் குறள்கள்: 311 முதல் 315 வரை ஐந்து, பின் 319. ஜெர்மன் பெயர்ப்பின் வழியாகவே டால்ஸ்டாய் குறளை அறிந்தார். கார்ல் கிரவுல் 1856-இல் லைப்சிக் நகரில் வெளியிட்டது முதல் குறள் ஜெர்மானியர்க்குக் கிட்டியிருந்தது. ஆக, தமிழிலிருந்து ஜெர்மனுக்கும், அதிலிருந்து ரஷ்யத்துக்கும், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும், பின் குஜராத்திக்கும் என வள்ளுவர் நான்கு கடல் தாண்டியிருக்கிறார்.

இத்தனை கைமாறியும் பொருளின் பெரும்பகுதி கெடாமல் இருப்பது வியப்பு. சில இடங்களில் மட்டும் தேய்வு தெரிகிறது. குற்றமற்றவர்களைக் குறிக்கும் 'மாசற்றார்' என்னும் பலர்பாற் சொல், ஆங்கில வடிவத்தில் 'பாவமற்ற ஒருவர்' என்று ஒருமையாகி, பெரிய எழுத்தும் பெற்றுக் கடவுளையோ முனிவரையோ குறிப்பதுபோல் நிற்கிறது. 319-ஆம் குறளில் வள்ளுவர் முற்பகல், பிற்பகல் என்றார். தீமை திரும்பிவர ஒரு பகற்பொழுதின் பாதியே போதும் என்ற விரைவு அதில் உண்டு. பெயர்ப்பில் அது காலை, மாலை என்று நீண்டுவிட்டது. பெரிய இழப்பு 314-இல். தீமை செய்தவர் நாணும்படி அவர்க்கு நன்மை செய்வதோடு வள்ளுவர் நிற்கவில்லை. அவர் செய்த தீமையையும் தாம் செய்த நன்மையையும் மறந்துவிட வேண்டும் என்று பரிமேலழகர் உரை கொள்வதற்கு இடமான 'விடல்' என்ற ஒரு சொல் கடைசியில் இருக்கிறது. அந்தச் சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. நன்மை செய்து நாணவைத்தல் என்ற அளவில் நின்றால் அது ஒருவகை வெற்றி. மறத்தலும் சேர்ந்தால்தான் அது அறம். சத்தியாக்கிரகிகளுக்கு மிகத் தேவையாயிருந்த பாதி அதுவே.

ரஷ்யர் குறளை முழுமையாகத் தம் மொழியில் பெற அதன்பின் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 1963-இல் கிளாசவும் கிருஷ்ணமூர்த்தியும் சேர்ந்து செய்த பெயர்ப்பு வெளிவந்தது. மறுதிசையில், பூ. சோமசுந்தரம் போன்றோர் மாஸ்கோவில் இருந்து ரஷ்ய நூல்களை ஆங்கிலத்தின் துணையின்றி நேரே தமிழாக்கினர். ரஷ்யக் கிழவி பேரனை 'நீ' என்பதும் பேரன் கிழவியை எப்படி விளிப்பான் என்பதும் அப்பெயர்ப்புகளில் தடுமாற்றமின்றி வருவதற்கு இரு மொழிகளின் இயல்பும் ஒரு காரணம். 'அவர் ஆசிரியர்' என்று வினையில்லாமல் வாக்கியம் முடிப்பதும், பெயரின் கடைசியில் உருபேற்றிப் பொருள் காட்டுவதும், பெயருக்கு முன் ஒட்டுச்சொல் வேண்டாமையும் இரண்டுக்கும் பொது.

டால்ஸ்டாய்க்கும் காந்தியடிகளுக்கும் இடையே கடிதங்கள் தொடர்ந்தன. 1910 ஏப்ரலில் காந்தியடிகள் தம் 'இந்திய சுயராஜ்யம்' நூலின் ஆங்கில வடிவத்தை அனுப்பினார். மே 8-இல் டால்ஸ்டாயிடமிருந்து உடல்நலமின்மையைக் குறிப்பிட்டு ஒரு குறுங்கடிதம் வந்தது. செப்டம்பரில் அவர் எழுதிய கடைசிக் கடிதம் நீண்டது; அன்பின் விதியைப் பற்றியது. அணுக்கத் தோழர் செர்த்கோவ் அதன் ஆங்கிலப் பெயர்ப்புக்கு ஏற்பாடு செய்தார். அது 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் நவம்பர் 26-இல் அச்சானபோது டால்ஸ்டாய் இறந்து ஆறு நாளாகியிருந்தது. அதற்குச் சற்று முன்பு, அக்டோபர் 16-இல், நாடுகடத்தப்பட்டுத் திரும்பிவந்து கரையிறங்க இடம் மறுக்கப்பட்ட நாராயணசாமி என்ற தமிழர் டெலகோவா விரிகுடாவில் உயிர்நீத்தார். ஆங்கிலத்தில் வந்த அக்கடிதம் சுட்டிய கூட்டத்திலிருந்து மேலும் ஒருவர் குறைந்திருந்தார்.

அவ்வாண்டு மே இறுதியில் ஜோகன்ஸ்பர்க்குக்கு அருகே காலன்பாக் தம்முடைய 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்கு அளித்திருந்தார். அதற்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயரிட்டனர். மலாயாவுக்கு ஒப்பந்தத்தின் பேரில் தமிழரை ஏற்றிவரும் முறை நிறுத்தப்பட்டதும் அதே 1910-இல்தான். கங்காணி வழியே வந்தோர் செம்பவாங் போன்ற இடங்களின் ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்துகொண்டிருந்த காலம் அது.

பண்ணையில் இருந்த பிள்ளைகளுள் தமிழ்ப் பிள்ளைகள் பலர். தமிழ் பேசுவர், எழுத்து அறியார். கற்பிக்க வேறு ஆசிரியர் இல்லாமையால் காந்தியடிகளே தமிழ் வகுப்பை ஏற்றார். அவர் அறிந்த தமிழ், கப்பற் பயணங்களிலும் சிறையிலும் போப்பின் கைந்நூலை வைத்துப் படித்த அளவே. குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த அதே ஜி. யு. போப்தான். பேச்சில் தம்மினும் தமிழ் நன்கறிந்த மாணவர்க்கு எழுத்துக் கற்பித்த அந்த வேடிக்கையைக் காந்தியடிகள் பின்னாளில் மறைக்காமல் எழுதினார். தம் அறியாமையை அவர்களிடம் ஒளிக்காததால் அவர்களின் அன்பு குறையவில்லை என்பது அவர் சொன்னது. டால்ஸ்டாயின் பெயர் கொண்ட பண்ணையில், குஜராத்தியர் ஒருவர், ஆங்கிலப் பாதிரியார் எழுதிய நூலைக் கையில் வைத்துக்கொண்டு, சிறைசென்ற தமிழரின் பிள்ளைகளுக்கு அகரம் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார்.